ஞானஸ்நான ஏட்டில் முன்னோரைத் தேடுவோருக்கு

நம்பிக்கை: சவேரியார் கையால் ஞானஸ்நானம் பெற்ற எங்கள் முன்னோரின் பெயர் கோயில் ஏட்டில் இருக்கும்.

உண்மை: முத்துக்குளித்துறைப் பரதவர்கள் திரளாக மனம் மாறியது 1530களில். சவேரியார் அங்கே வந்தது 1542இல், மறைந்தது 1552இல். பங்குதோறும் ஞானஸ்நானத்துக்கும் திருமணத்துக்கும் பதிவேடு வைக்கவேண்டும் என்று திரிதெந்து பொதுச்சங்கம் விதித்ததோ 1563இல்தான். குடும்பத்தில் வழங்கிவரும் அந்தக் கதையைக் காப்பாற்றுங்கள். ஏட்டில் அதற்குச் சான்று கிடைக்கவில்லை என்று மனம் உடையாதீர்கள்.

நம்பிக்கை: ஏட்டில் உள்ள தேதிதான் பிறந்த தேதி.

உண்மை: அது ஞானஸ்நானம் நடந்த தேதி. பிறந்த நாளைக் குறித்திருந்தால் தனியாகக் குறித்திருப்பார்கள். குடும்பமாக மதம் மாறியவர்கள் வீட்டில் தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரே தேதி இருக்கலாம்.

நம்பிக்கை: பெயர் காணோம் என்றால் ஆள் அந்த ஊர் இல்லை.

உண்மை: பலரும் தேடலைக் கைவிடுவது இங்கேதான். அது எனக்குப் பெரிய வருத்தம். குருவானவர் லத்தீனில் எழுதியிருந்தால், வீட்டில் ராயப்பன் என்று அழைக்கப்பட்டவர் ஏட்டில் பெத்ருஸ், சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னெஸ். ஒரு பெயரை மட்டும் நம்பாமல் தகப்பன், தாய், ஞானத்தகப்பன், ஞானத்தாய், ஊர் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். ஞானப்பெற்றோர் பல சமயம் மாமனோ அத்தையோ சித்தப்பாவோதான். அவர்கள் பெயரிலிருந்து இன்னொரு கிளை திறக்கும்.

பக்க ஓரத்தையும் விட்டுவிடாதீர்கள். 1908 ஈஸ்டரில் நடைமுறைக்கு வந்த 'நே தெமெரே' என்ற திருச்சபை ஆணைப்படி, ஒருவருக்குத் திருமணம் நடந்த விவரத்தை அவருடைய ஞானஸ்நானப் பதிவிலும் குறிக்கவேண்டும். வாழ்க்கைப்பட்டு வெளியூர் போன பெண்களை நம் வம்சாவளிகள் பெயர்கூட இல்லாமல் விட்டுவிட்டன. அந்தப் பாட்டிமார் எந்த ஊருக்கு, யாருக்கு வாழ்க்கைப்பட்டார்கள் என்பதை ஓரத்தில் எழுதிய அந்த ஒற்றை வரி சொல்லிவிடும். வம்ச வரலாறு எழுதுபவருக்கு இதைவிடப் பெரிய கொடை வேறில்லை என்பேன்.

நம்பிக்கை: எங்கள் கோயிலில் பழைய ஏடே கிடையாது.

உண்மை: இன்று தனிப்பங்காக இருப்பது அன்று வேறொரு பங்கின் கிளையாக இருந்திருக்கலாம். தாய்ப்பங்கிலும் ஆயர் இல்லத்திலும் கேளுங்கள். சென்னை மாகாண ஆங்கிலிகன் கோயில்களிலிருந்து லண்டனுக்குப் போன பிரதிகள் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. ஆனால் அவற்றில் பெரும்பாலும் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் பெயர்களே. கிராமத்துச் சபையாரைத் தேடுபவர்கள் முதலில் போகவேண்டியது பங்குத்தந்தையிடமோ சேகர குருவானவரிடமோதான். கிடைத்த பதிவின் ஏடு, ஆண்டு, வரிசை எண் மூன்றையும் அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள்.