எண் சொன்னால் போதுமா, தம்பி?

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய மாதிரி மசோதாவைப் படித்து முடித்தேன். சட்டப்பேரவைக்கு வரும் எந்த மசோதாவும், அரசமைப்பு அதற்கு எங்கே இடம் கொடுக்கிறது என்று சொல்லும் அறிக்கையோடுதான் வர வேண்டும் என்கிறாய். அது ஏன் தேவை என்று நீ எனக்கோ நான் உனக்கோ விளக்க வேண்டியதில்லை. நீ காட்டுப்பள்ளிக்காரன். நான் ராயபுரத்தில் உட்கார்ந்து திருவொற்றியூர், எண்ணூர் தொழிலாளர் வழக்குகளிலேயே தலை நரைத்தவன். ஆகவே நேரே என்னைக் கோபப்படுத்திய இடத்துக்கு வருகிறேன்.

மூன்றாவது கூறு. "ஏழாம் அட்டவணையின் எந்தப் பட்டியல், எந்தப் பதிவு என்பதைக் குறிப்பிட்டால் போதுமானது" என்று எழுதியிருக்கிறாய். ஒன்றியத்துக்கும் மாநிலத்துக்கும் அதிகாரத்தைப் பிரிக்கும் அட்டவணையின் எண்ணைச் சொன்னால் போதும் என்று எழுத உனக்கு எப்படி மனம் வந்தது? உன் ஊரையே பார். காமராஜர் துறைமுகத்தின் வேலியைத் தாண்டி வடக்கே வந்தால் காட்டுப்பள்ளித் துறைமுகம். முதலாவது பெருந்துறைமுகம், ஒன்றியப் பட்டியலில் 27-ஆவது பதிவு. அடுத்தது பெருந்துறைமுகம் அல்லாதது, பொதுப்பட்டியலில் 31. நிலம் எடுப்பது பொதுப்பட்டியலில் 42. மீன்வளம் மாநிலப் பட்டியலில் 21. படகு நாட்டின் கடல் எல்லையைத் தாண்டிவிட்டால் ஒன்றியப் பட்டியலில் 57. வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே கடல், ஒரே சனம். எண்தான் மாறுகிறது. இந்த எண்களைச் சட்டத்துறையில் புதிதாகச் சேர்ந்த உதவியாளர்கூட ஒரு மணி நேரத்தில் எடுத்துக் கொடுத்துவிடுவார். எண் கிடைக்காமல் நின்றுபோன மசோதா ஒன்றையும் நான் பார்த்ததில்லை. அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்பது பாதிக் கேள்விதான். அந்த அதிகாரத்தைக் கொண்டு யாரிடமிருந்து எதை எடுக்கிறீர்கள், அப்படி எடுக்க அரசமைப்பு விடுகிறதா என்பதுதான் மீதிப் பாதி. அதை நீ கேட்கவே இல்லை.

இந்தக் கூறு எங்கிருந்து வந்தது என்று தெரிகிறது. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை 2011 ஜனவரியில் தன் விதிகளில் சேர்த்தது: மசோதா கொண்டுவரும் உறுப்பினர் அதற்கான அரசமைப்பு அதிகாரத்தைக் குறிப்பிட வேண்டும். நடந்தது என்ன? "முதலாம் உறுப்பு, எட்டாம் பிரிவு" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் அங்கே ஏராளம். எழுதியதோடு வேலை முடிந்தது. அந்தப் பழக்கத்தை ஏன் இங்கே இறக்குமதி செய்கிறாய்?

உன் மூன்றாவது கூறை 2023 ஏப்ரல் 21-ஆம் தேதியின் மேல் வைத்துப் பார். அன்று கூட்டத்தொடரின் கடைசி நாள். தொழிற்சாலைகள் சட்டத்தில் 65அ என்று புதுப் பிரிவு சேர்க்கும் மசோதா நிறைவேறியது. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் என்று போட்ட வரம்பைத் தளர்த்தி, பன்னிரண்டு மணி நேரம் வரை வேலை வாங்க வழி விட்ட மசோதா. பதிவு எண் என்ன? பொதுப்பட்டியலில் 24. அவ்வளவுதான், உன் அறிக்கை முடிந்தது, மசோதா தேறிவிட்டது. ஆனால் நியாயமான, மனிதத்தன்மையுள்ள வேலை நிலைமைகளை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்கிற அரசமைப்பின் 42-ஆவது பிரிவுக்கு அமைச்சர் என்ன பதில் வைத்திருந்தார்? கொரோனா காலத்தில் குஜராத் அரசு இதே சட்டத்தின் வேலை நேர வரம்பை அறிவிக்கை மூலம் தளர்த்தியபோது, உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 1-ஆம் தேதி அதை ரத்து செய்ததே, அதற்கு என்ன பதில்? இதைக் கேட்கும் இடமே உன் வரைவில் இல்லை.

பன்னிரண்டு மணி நேரம் என்பது எனக்கு வெறும் எண் அல்ல. நான் வக்கீல் ஆவதற்கு முன்பே திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஷிஃப்ட் விடும் நேரத்தில் நின்றவன். இரவு ஷிஃப்ட் முடிந்து வெளியே வருகிறவர்கள் டீக்கடையில் நின்றபடியே கண்ணை மூடுவார்கள். கிளாஸ் கையில் சாய்ந்து டீ சட்டையில் சிந்தும், அப்போதும் விழிப்பு வராது. அது எட்டு மணி நேர வேலைக்குப் பிறகு. 1918-இல் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கிய நாளிலிருந்து இந்த வடசென்னையில் எத்தனையோ பேர் வேலை இழந்து, அடிபட்டு வாங்கிய மணிநேரங்கள் அவை. அவற்றைக் குறைக்கவோ கூட்டவோ வருகிற அமைச்சர், எழுந்து நின்று காரணம் சொல்லியாக வேண்டும். நோக்கக் காரண விளக்கவுரையில் தொழில்துறையினர் கேட்டார்கள் என்று எழுதுவது காரணம் ஆகாது. அது யார் கேட்டார்கள் என்பதற்குத்தான் பதில்.

அந்த மசோதா நின்றது என்பது உனக்குத் தெரியும். ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன; தொழிற்சங்கங்கள் கொதித்தன; மூன்றே நாளில் நிறுத்திவைத்து, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அரசு இறங்கி வந்ததை நான் பாராட்டுகிறேன். ஆனால் அதைத் தடுத்தது அரசமைப்பு இல்லை, சங்கம். அதே ஏப்ரல் 21-இல் நிறைவேறிய இன்னொன்றைப் பார்: தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) சட்டம். நூறு ஹெக்டேருக்குக் குறையாத, உள்ளே நீர்நிலையோ ஓடையோ வாய்க்காலோ இருக்கிற நிலத்தில் வரும் திட்டங்களைச் சிறப்புத் திட்டம் என்று அறிவித்துக்கொள்ள வழி செய்யும் சட்டம். விவசாயிகள் எதிர்த்தார்கள். ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது. 2024 அக்டோபரில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. ஒரே நாள், ஒரே அவை, இரண்டு மசோதாக்கள். தெருவில் இறங்கப் பெரிய சங்கம் இருந்தவர்களுக்கு ஒரு முடிவு, வாய்க்காலும் ஓடையும் மட்டும் வைத்திருந்தவர்களுக்கு வேறு முடிவு. சுற்றுச்சூழலைக் காக்கச் சொல்லும் அரசமைப்பின் 48அ பிரிவைப் பற்றி அன்று யாராவது ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கும் கட்டாயம் இருந்திருந்தால்?

இன்னொன்றையும் நீ பயன்படுத்தாமல் விட்டதில் எனக்கு வருத்தம். உன் ஊர்த் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,000 ஏக்கருக்கு மேல் விரிவாக்கும் திட்டம் வந்தபோது, துறைமுகத்தை நடத்தும் நிறுவனம் ஆய்வறிக்கை கொடுக்க வேண்டியிருந்தது, மக்கள் கருத்துக் கேட்புக்கு நாள் குறிக்க வேண்டியிருந்தது. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை அப்படிச் சொல்கிறது. அந்தக் கூட்டம் 2021-இலும் 2023-இலும் தள்ளிப்போனதுகூட, கூட்டம் நடத்தாமல் மேலே போக முடியாது என்பதால்தானே? ஒரு துறைமுகத்தை விரிக்கிறவர் ஊரைக் கூட்டிக் காரணம் சொல்ல வேண்டும். மாநிலம் முழுவதும் உள்ள நிலத்தின் சட்டத்தையே மாற்றுகிறவர் சொல்ல வேண்டியதில்லை. உன் முகவுரை இங்கிருந்து தொடங்கியிருக்க வேண்டும். நீ மேக்னா கார்ட்டாவிலிருந்து தொடங்கியிருக்கிறாய்.

அடுத்த குறை கையெழுத்து. அறிக்கையில் சட்டத்துறைச் செயலாளர் கையெழுத்திடுவார் என்கிறாய். கூடாது. இலங்கையைப் பார். அங்கே ஒவ்வொரு மசோதாவையும் அரசமைப்போடு பொருந்துகிறதா என்று சட்டமா அதிபர் பரிசோதிக்க வேண்டும் என்று 77-ஆவது பிரிவு சொல்கிறது. அதிகாரி பார்த்துவிடுகிறார், அமைச்சர் கை கழுவிக்கொள்ளலாம். சட்டமாகிவிட்ட பிறகு நீதிமன்றமும் தொட முடியாது. பிரிட்டனில் 1998-ஆம் ஆண்டின் மனித உரிமைகள் சட்டத்தின் 19-ஆவது பிரிவு அமைச்சரையே கையெழுத்திட வைக்கிறது. பொருந்துகிறது என்று சொல்ல முடியாவிட்டால், சொல்ல முடியவில்லை, இருந்தும் கொண்டுவருகிறேன் என்று அவரே எழுத வேண்டும். 2023-இல் சட்டவிரோதக் குடியேற்ற மசோதாவை அப்படித்தான் எழுதிக் கொண்டுவந்தார்கள். மசோதாவை நான் ஏற்கவில்லை. ஆனால் யார் செய்தது என்பது மறைக்கப்படவில்லை. வாக்குக் கேட்டு வந்தவர் பெயர்தான் அடியில் இருக்க வேண்டும்.

இப்போது நான் இத்தனை வருடமாகச் சொல்லிவரும் விஷயத்துக்கு வருகிறேன். என் ஜூனியர்கள் சலித்துப்போயிருப்பார்கள். உனக்கும் சொல்லியே தீர்வேன். நிரூபிக்கும் சுமை யார் தலையில் என்பதுதான் எல்லாம்.

எண்ணூர்ப் பக்கத்துக் குப்பத்துக்காரர் ஒருவருக்காக, நிலம் எடுக்கும் சட்டம் ஒன்றை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் நின்றேன். அரசு வழக்கறிஞர் ஒரு காரணம் சொன்னார். நான் பேரவை நடவடிக்கைப் புத்தகத்தை அடையாளச் சீட்டுகளோடு கையில் வைத்திருந்தேன். அந்தக் காரணம் அதில் ஒரு வரியில்கூட இல்லை. "அவையில் சொல்லாவிட்டால் என்ன, அப்படி ஒரு காரணம் இருந்திருக்கலாம் அல்லவா?" என்றார் நீதிபதி. 1958-இன் டால்மியா தீர்ப்பு இருக்கும்வரை அவர் கேட்டதில் தப்பில்லை. சட்டம் செல்லும் என்றே ஊகிக்க வேண்டும்; அதைத் தாங்கி நிற்கும் சூழ்நிலை எதுவாக இருந்தாலும் நீதிமன்றம் இருந்ததாகக் கொள்ளலாம். வெளியே தம்புச்செட்டித் தெருவில் டீ குடிக்கும்போது என் கட்சிக்காரர் கேட்டார்: "எடுத்தது அவுங்க. எதுக்கு எடுத்தாங்கன்னு நான் ஏன் சார் நிரூபிக்கணும்?"

பேச்சு, தொழில் போன்ற உரிமைகளைத் தரும் நம் அரசமைப்பின் 19-ஆவது பிரிவு வழக்குகளில் சுமை அரசின் பக்கம் திரும்பும் என்று சகீர் அகமது (1954) தீர்ப்பைக் காட்டியிருக்கிறாய். சரிதான், தேடிப் படித்திருக்கிறாய். ஆனால் அங்கேயும் காரணத்தைப் பிறகு யோசித்து, எதிர்வாக்குமூலத்தில் எழுதிக்கொண்டு வரலாம். அந்தக் கதவை அடை. அதிகாரி போட்ட உத்தரவை அதில் எழுதிய காரணத்தை வைத்தே எடைபோட வேண்டும், பின்னால் பிரமாணப் பத்திரத்தில் புதுக் காரணம் சேர்க்கக் கூடாது என்று மொகிந்தர் சிங் கில் வழக்கில் (1977) நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதினார். அதை மசோதாவுக்கும் கொண்டுவா: அவையில் வைத்த அறிக்கையில் இல்லாத காரணத்தை அரசு நீதிமன்றத்தில் எடுக்கக் கூடாது. இந்த ஒரு வரி இல்லாமல் உன் மசோதாவுக்குப் பல் இல்லை.

பதினொன்றாவது கூறைத் தூக்கிவிடு. அறிக்கை இல்லாத சட்டம் செல்லாது என்று எழுதியிருக்கிறாய். நாளைக்கு வரும் பேரவை இன்னொரு சட்டம் போட்டு இதைத் தாண்டிவிடும். நடைமுறைக் குறை என்று நீ நீதிமன்றம் போனால் அவை நடவடிக்கையை அந்தக் காரணத்துக்காக நீதிமன்றம் கேள்வி கேட்க முடியாது என்கிற 212-ஆவது பிரிவைக் காட்டுவார்கள். அறிக்கை வைக்கும் கட்டாயத்தை அரசமைப்பின் 208-ஆவது பிரிவின் கீழ் அவை விதிகளில் சேர்க்கக் கேள். காரணத்தின் சாட்சிய மதிப்பை மட்டும் சட்டத்தில் வை.

ஏழாவது கூறைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. "இச்சட்டத்தால் இழப்பவர் யார், எங்கே வசிக்கிறார், எதை இழக்கிறார் என்பதை அவருக்குப் புரியும் தமிழில், வாக்கெடுப்புக்கு முப்பது நாட்களுக்கு முன் அவருடைய ஊராட்சியில் ஒட்ட வேண்டும்." தம்பி, இதைப் படித்துவிட்டுத் தாளைக் கீழே வைத்துக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். ஒன்றிய அரசு 2014-இல் வெளியிட்ட சட்டமியற்றலுக்கு முந்தைய கலந்தாய்வுக் கொள்கையும் முப்பது நாட்கள் என்றது, உரிமைகள், வாழ்வாதாரம் மீதான தாக்கத்தைச் சொல் என்றது. ஆனால் யாரையும் கட்டுப்படுத்தவில்லை, ஊராட்சிப் பலகை வரை நினைக்கவும் இல்லை. நான் வாழ்நாளில் எழுதிய எந்த மனுவிலும் இதற்கு இணையான வாக்கியம் இல்லை. மீன் ஏலம் நடக்கும் இடத்தில் வளர்ந்தவனால்தான் இப்படி எழுத முடியும். யார் சொன்னாலும் இதில் ஒரு சொல்லையும் மாற்றாதே.

பொன்னேரி சட்டப்பேரவை உறுப்பினரிடம் கொடுப்பதற்கு முன் திருத்தியதை எனக்கு அனுப்பு. விதிகளைத் தளர்த்தி மசோதாவை அன்றே எடுத்துக்கொள்ளத் தீர்மானம் கொண்டுவருவார்கள். அந்தத் தீர்மானத்துக்கும் அமைச்சர் எழுத்தில் காரணம் வைக்க வேண்டும் என்று எட்டாவது கூறில் ஒரு வரி சேர்.

அன்புடன்,
ராயபுரத்திலிருந்து உன் அண்ணன்