பழைய கோப்பில் புரியாத தமிழ்

நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்காக 2003-ல் தட்டச்சு செய்த கோப்புகள் இப்போது கிறுக்கலாகத் தெரிகின்றன. ஒரே தமிழுக்கு ஏன் இத்தனை குறியீடுகள்? மீட்க முடியுமா?
– ஒரு வாசகர், வாலாஜாபாத்

மீட்கலாம், எழுத்து எதுவும் அழியவில்லை. என்.எச்.எம். கன்வெர்ட்டர் என்ற இலவச மென்பொருள் டாம், டாப், திஸ்கி, பாமினி ஆகிய பழைய தமிழ்க் குறியீடுகளில் உள்ள கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றித் தரும். எது எந்தக் குறியீடு என்பதைப் பெரும்பாலும் எழுத்துருப் பெயரின் முன்னொட்டே சொல்லிவிடும்.

இத்தனை குறியீடுகள் நீடித்ததில் ஓர் அரசு முடிவுக்கும் பங்கு உண்டு. 1990களின் இறுதியில் பல நாட்டுத் தமிழ் நிரலர்கள் மின்னஞ்சலில் வாதாடி, ஊதியமின்றி உருவாக்கியது திஸ்கி. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 என்ற தமிழ் இணைய மாநாடு கூடியது. அதையொட்டித் தமிழக அரசு டாம், டாப் இரண்டையும் தரமாக அறிவித்தது. அச்சகங்களுக்கு டாம் வசதியாக இருந்தது. இணையத்தில் எழுதியவர்கள் பலர் திஸ்கியை விடவில்லை. இரு தரப்பின் தொழில்நுட்ப வாதங்களிலும் நியாயம் உண்டு. ஆனால் உழைத்தவர்களின் தரத்தை விட்டு வேறொன்றுக்கு முத்திரை விழுந்தால் மனத்தாங்கல் வராமல் இருக்குமா?

2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. உங்கள் கோப்புகளை மாற்றியபின் 'கௌரவம்' போன்ற சொற்களைச் சரிபார்ப்பது நல்லது: பழைய எழுத்துருக்களில் ஔகாரக் குறியின் பின்பாதியும் ளகரமும் ஒன்றாகவே இருப்பதால் மென்பொருள் அங்கே தடுமாறும்.