பிரதி இல்லாத படம், வகுப்பில் ஒரு பாடம்

ஆர். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த ‘கீசகவதம்’தான் தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படம். 1910களின் இறுதியில் வெளிவந்த அதன் ஒரு பிரதிகூட இன்று கிடைக்கவில்லை. அக்காலப் படச்சுருள் எளிதில் தீப்பற்றும். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அமைந்ததோ 1964இல்தான்.

எட்டாம் வகுப்பில் இதைச் சொன்னதும், “அப்போ கதை என்னன்னு எப்படி சார் தெரியும்?” என்றான் ஒரு மாணவன். அந்தக் கேள்வியே பாடமானது. திரௌபதி பீமனிடம் முறையிடும் காட்சியை ஒரு குழு பேசாமல் நடித்தது. இடையில் காட்டும் எழுத்து அட்டைகளை மற்றொரு குழு எழுதியது. அட்டைக்கு ஐந்து சொற்களே வரம்பு. கட்டுரை எழுதிப் பழகியவர்கள் திணறினார்கள். வகுப்பில் வாய் திறக்காத மாணவிதான் திரௌபதி. அவளுக்கு அட்டையே தேவைப்படவில்லை.

புதுக்கோட்டைக் கிராமங்களில் டூரிங் டாக்கீஸில் படம் பார்த்த தாத்தா பாட்டிகள் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதி வருவது அடுத்த வாரச் செயல்பாடு.