உருளை வறுவலில் ஈரத்தின் கணக்கு

லால்பேட்டைக்கு உருளைக்கிழங்கு வெளியூர்ச் சரக்கு. வீராணம் ஏரித் தண்ணீர் பாயும் வயல்களில் விளைவது நெல்; கிழங்கு மேட்டுப்பாளையம் மண்டி வழியாக ஊட்டியிலிருந்தோ, வடக்கே ஆக்ரா பக்கத்துக் குளிர்பதனக் கிடங்குகளிலிருந்தோ லாரியேறி வருகிறது. எங்கிருந்து வந்த கிழங்கானாலும், வறுவல் நமத்துப்போனால் எண்ணெய் போதவில்லை என்கிறோம், இல்லாவிட்டால் தீ போதவில்லை என்கிறோம். என் அனுபவத்தில் குற்றவாளி ஈரம்தான். கிழங்கின் எடையில் முக்கால் பங்குக்கும் மேல் தண்ணீர். துண்டின் மேற்பரப்பில் அந்த ஈரம் இருக்கும்வரை அங்கே சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். நன்றாகச் சிவக்க ஏறக்குறைய 140 டிகிரியாவது வேண்டும். ஈரத்தைப் போக்காமல் எண்ணெயை மட்டும் கூட்டினால் கிழங்கு எண்ணெய் குடிக்குமே தவிர மொறுமொறுக்காது.

அதனால் வாணலிக்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். அரை கிலோ கிழங்கைத் தோல் சீவி, பாதி எலுமிச்சம்பழ அளவுக்கு நறுக்கி, ஒரு லிட்டர் தண்ணீரில் உப்பும் கால் டீஸ்பூன் ஆப்பசோடாவும் போட்டு வேகவிடுங்கள். குக்கர் வேண்டாம், ஒரு விசில் கூடினாலும் மசியலாகிவிடும். கத்தி தடையின்றி இறங்க வேண்டும், துண்டு பிளக்கக் கூடாது. வடிதட்டில் கொட்டி ஐந்து நிமிடம் சும்மா விட்டால் ஆவி பறக்கும். பளபளத்த துண்டுகள் சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கி வெளுக்கும். ஈரம் வெளியேறியதற்கு அதுதான் அடையாளம். பிறகு பாத்திரத்தில் போட்டு மூடி நாலு குலுக்குக் குலுக்கினால் ஓரங்கள் உரசி, மேலெல்லாம் மாவுபோல ஒரு பூச்சு படியும். கிழங்கின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பசையை ஆப்பசோடா தளர்த்துவதால்தான் அந்தப் பூச்சு கிடைக்கிறது. எண்ணெயில் முறுகி ஓடாவதும் அதுவே. நாலு மேசைக்கரண்டி கடலை எண்ணெயை இரும்பு வாணலியில் காயவைத்து (விருத்தாசலம் பக்கம் நிலக்கடலை விளையும் மாவட்டம் நம்முடையது, வேறு எண்ணெய் தேட வேண்டியதில்லை) துண்டுகளை ஒரே வரிசையாகப் பரப்புங்கள். ஐந்தாறு நிமிடம் கரண்டி படக் கூடாது. முதலில் சடசடவென்று கேட்கும் சத்தம் மெல்ல அடங்கும். அடிப்பக்கம் முறுகிய துண்டு வாணலியைத் தானாகவே விட்டுக்கொடுக்கும். ஒட்டினால் புரட்டும் நேரம் இன்னும் வரவில்லை என்று பொருள். மிளகாய்த்தூளும் மஞ்சள்தூளும் கடைசி இரண்டு நிமிடத்துக்குத்தான்; முன்பே போட்டால் கிழங்கு சிவப்பதற்குள் தூள் கருகிக் கசக்கும்.

பச்சைக் கிழங்கைப் பொடியாக நறுக்கி நேராக வறுத்தால் ஆகாதா என்று கேட்பார்கள். ஆகும், ஆனால் அது வேறு பண்டம். சிறிய துண்டில் ஈரம் சீக்கிரம் வற்றும், உள்ளே பஞ்சுபோன்ற மாவுப் பதம் கிடைக்காது. அரிசி மாவு தூவினால் முறுகுவதும் உண்மையே, கூட்டம் சாப்பிடும் நாளுக்கு அது கைகொடுக்கும். என்றாலும் நாக்கில் முதலில் படுவது அரிசிதான். ஆப்பசோடாவுக்குப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு பதில்: பெரும்பகுதி வடித்த தண்ணீரோடு போய்விடுகிறது, அளவு மீறினால்தான் சோப்பு வாடை வரும். பாட்டி செய்யாத முறை என்ற தயக்கமும் வேண்டியதில்லை. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1820-களில் பயிரிட்ட பிறகுதான் நீலகிரியிலேயே உருளை வேரூன்றியது. இவ்வளவு புதிய காய்க்குக் கைப்பக்குவம் இன்னும் மாறிக்கொண்டிருப்பதில் தவறில்லை.

சரியாகச் செய்தும் சிவக்காமல் கறுத்தால் கிழங்கைச் சந்தேகியுங்கள். கிடங்கில் 2 முதல் 4 டிகிரிக் குளிரில் கிடந்த கிழங்கில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அந்தச் சர்க்கரைதான் கருகுகிறது. வீட்டு ஃப்ரிட்ஜும் இதே கேட்டைச் செய்யும். இரண்டு மூன்று வாரம் இருட்டான, காற்றோட்டமான மூலையில் வைத்தால் சர்க்கரை ஓரளவு குறையும். துபாயிலோ சிங்கப்பூரிலோ ஓவன் வைத்திருக்கும் நம்மூர்க்காரர்களுக்கும் கணக்கு மாறாது: வேகவைத்து, ஆவி போக்கி, குலுக்கி, சூடான எண்ணெய்த் தட்டில் பரப்பி 220 டிகிரியில் 45 நிமிடம், நடுவில் ஒரே ஒரு முறை புரட்டல். ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் காற்றே ஈரமாக இருக்கும். அதைவிடக் கெடுதல் சூடு ஆறாமல் மேலே கவிழ்க்கும் மூடி. உள்ளிருந்து வரும் ஆவி மூடியில் பட்டு நீராகிச் சொட்டி, பாடுபட்டு வரவழைத்த ஓட்டைப் பத்தே நிமிடத்தில் நனைத்துவிடும். ரசம் ஊற்றி எல்லாரும் உட்கார்ந்த பிறகு வாணலியை இறக்குங்கள்.