விழுப்புண்ணும் விடியா இரவும்

போர் என்றவுடன் மாணவர் உள்ளத்தில் வெற்றியும் வீரமுமே எழுகின்றன. வெட்டுண்டவன் அக்கணமே மடிகிறான். அன்றேல் மறுகணமே எழுந்து பொருகிறான். திரைப்படமும் மேடை நாடகமும், இன்றைய இளைஞர் பகடை உருட்டிக் கதைமாந்தராக நின்று ஆடும் போர் விளையாட்டுகளும் பெரும்பாலும் இவற்றையே காட்டுகின்றன. உயிர் ஊசலாடும் இடைப்பொழுதைச் சான்றோர் எங்ஙனம் பாடினர் என்பதை ஈண்டுக் காண்போம்.

தொல்காப்பியர் புறத்திணையியலில் காஞ்சித்திணைக்குத் துறைகள் வகுக்குங்கால், புண்பட்டோனின் நிலைகளையும் வகுத்துரைக்கிறார். சுற்றத்தார் எவருமின்றிக் கிடப்பவனைப் பேய் ஓம்புதல் ஒன்று. பேய் தீண்டாவண்ணம் மனைவி காத்தல் மற்றொன்று. தன் புண்ணைத் தானே கிழித்து மாய்தல் பிறிதொன்று. காயம்பட்ட அளவில் வீரனின் கதை முடிவதில்லை என்பதை இலக்கணமே ஏற்றுக்கொண்டது.

அரிசில்கிழார் பாடிய புறநானூற்று 281ஆம் பாடலில் மனையே மருத்துவச் சாலையாகிறது. இறைப்பில் இரவ இலையும் வேப்பிலையும் செருகப்படுகின்றன. யாழும் குழலும் ஒலிக்கின்றன, வெண்சிறுகடுகு தூவப்படுகிறது, மணி இயம்புகிறது, நறும்புகை எழுகிறது. தலைவி தன் தோழியையும் காவலுக்கு அழைக்கிறாள். அவன் பிழைத்தானா என்பதைப் புலவர் கூறவில்லை. அவ்வையமே அப்பாடலின் உயிர்.

பிழைத்தோரும் உளர். பதிற்றுப்பத்தின் 42ஆம் பாடலில், நெடிய ஊசியால் தைக்கப்பட்ட தழும்புடைய மார்பினரைப் பரணர் காட்டுகிறார். நெடுநல்வாடையிலோ வேந்தன் உறக்கம் துறந்து, வாடைக்காற்று வீசும் நள்ளிரவில் பாசறையில் புண்பட்டோரைக் கண்டு வருகிறான். வென்றவனுக்கும் அவ்விரவு இனிதன்று.

இசுலாமிய வரலாற்றிலும் இதற்கு ஒப்பானதொரு நிகழ்ச்சி உண்டு. கி.பி. 627இல் நடந்த அகழ்ப்போரில் சஅது இப்னு முஆத் (ரலி) அவர்களின் கை நரம்பில் அம்பு தைத்தது. அருகிருந்து நலம் காண்பதற்காக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பள்ளிவாசலிலேயே கூடாரம் அமைக்கச் செய்தார்கள். போர் ஓய்ந்த பின்னரே அப்புண் மீண்டும் உடைந்து அவர்களின் உயிரைக் கொண்டது.

பட்டுத்தறி ஓசை கேட்கும் நம் ஆரணி மண்ணும் போர் கண்டதே. 1751 திசம்பரில் கிளைவும் இராசா சாகிபும் இங்குப் பொருதனர். 1782 சூனில் ஐதர் அலியும் அயர் கூட்டும் மோதினர். வென்றவர் எவர் என்பதை மாணவர் மனப்பாடம் செய்கின்றனர். அன்றிரவு தண்ணீர் கேட்டுக் கிடந்தவர்களைப் பற்றி வினவுவாரில்லை.

எனவே, போர்க்கதை எழுதப் புகும் மாணவர்க்கு நாம் கூற விழைவது இதுவே: வாள் வீச்சிற்கு ஒரு வரி எழுதினால், புண்ணிற்கு ஒரு பக்கம் ஒதுக்குக. காப்பவர் எவர், மருந்து யாது, விடியுமளவும் விழித்திருப்பவர் எவர் என எண்ணுக. புண்ணின் வலியை அறிந்தவனே வீரத்தின் விலையை அறிவான். அவ்விலையை அறிந்தவன் போரை விளையாட்டாகக் கருதான்.