நம்பிக்கைகளும் உண்மைகளும்: புத்தகத்தை மூடிய பிறகு

பங்குனி பிறந்துவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருவகைப் பிரார்த்தனைகள் ஒரே சமயத்தில் நடைபெறுகின்றன. ஆண்டாளுக்கும் ரங்கமன்னாருக்கும் நடக்கும் திருக்கல்யாண வைபவத்தைக் காண வருகிற பக்தர்களின் பிரார்த்தனை ஒன்று. ஹால் டிக்கெட்டை அர்ச்சனைத் தட்டில் தேங்காய் பழத்தோடு சேர்த்து வைத்துவிட்டு, கண்களை இறுக மூடி நிற்கிற பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பிரார்த்தனை மற்றொன்று. அந்தப் பிள்ளைகளின் பக்தியில் எனக்கு யாதொரு குறையும் தோன்றியதில்லை. ஆனால் கோயிலை விட்டு வீட்டுக்குத் திரும்பிய பின், படிப்பைப் பற்றிப் பெரியவர்களாகிய நாம் அவர்கள் தலையில் ஏற்றி வைக்கிற சில நம்பிக்கைகளை எண்ணும்போதுதான் மனம் வருந்துகிறது.

அவற்றுள் முதலாவது, நம் மாவட்டத்தைப் பற்றியது. 1985இல் ராமநாதபுரத்திலிருந்து பிரிந்த விருதுநகர் மாவட்டம், பொதுத்தேர்வு முடிவுகளில் மாநிலத்தின் முன்வரிசையில் நிற்பதைப் பல்லாண்டு வழக்கமாகக் கொண்டது. 2023ஆம் ஆண்டு பிளஸ் டூ தேர்வில் 97.85 சதவீதத் தேர்ச்சியோடு முதலிடத்தையும் பெற்றது. அந்தப் பெருமை மெய்யானதே. எனினும், ‘நம்ம மாவட்டத்துப் பிள்ளை எப்படியும் தேறிவிடும்’ என்ற அலட்சியம் ஒரு வீட்டிலும், ‘இந்த மண்ணில் பிறந்தும் இவனுக்குப் படிப்பு ஏறவில்லையே’ என்ற ஏக்கம் அடுத்த வீட்டிலும் அதிலிருந்தே முளைத்திருப்பதை என் ஆசிரியப் பணிக்காலம் முழுவதும் கண்டிருக்கிறேன். மண்ணுக்கு அப்படியொரு மகிமை கிடையாது. மாலையில் பிள்ளைகளை நிறுத்தி வைத்து நடத்துகிற சிறப்பு வகுப்புகளும், வாரந்தவறாத சிலிப் தேர்வுகளும், ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுத்தடுத்து வைக்கிற திருப்புதல் தேர்வுகளுமே அந்த எண்ணிக்கையை உண்டாக்கின. அவற்றின் பயன் எங்கே இருக்கிறது என்பதை அறியாமல் நாம் பிள்ளையை நோக்கி, ‘படி, இன்னும் படி’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

‘திரும்பத் திரும்ப வாசித்தால் மனத்தில் பதிந்துவிடும்’ என்பதே எல்லாவற்றிலும் வேரோடிய நம்பிக்கை. இதைக் குறித்துச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875 முதல் இருந்துவரும் பென்னிங்டன் நூலகத்துக்கு மாலை வேளையில் போவது ஓய்வு பெற்றபின் எனக்கு ஏற்பட்ட பழக்கம். ஒருநாள் அங்கே ஒரு சிறுமி அறிவியல் புத்தகத்தை வைத்துக்கொண்டு, உதடுகள் மட்டும் அசைய, ஒரே பக்கத்தை நான்கைந்து முறை வாசிக்கக் கண்டேன். விலங்குகளின் சுற்றோட்டம் பற்றிய பாடம். பக்கத்தில் மஞ்சள் மை படாத வரியே இல்லை. “பாடம் முடிந்துவிட்டதா, அம்மா?” என்று கேட்டேன். “நல்லாத் தெரியும், சார்” என்றாள். அவள் சொன்னது பொய்யன்று. தெரியும் என்றே அவள் மனப்பூர்வமாக நம்பினாள். புத்தகத்தை மூடிவிட்டு, இதயத்தின் நான்கு அறைகளையும் வரைந்து, இரத்தம் போகும் பாதையை அம்புக்குறியால் காட்டும்படி சொன்னேன். அறைகளை அழகாக வரைந்தாள். வலது வெண்ட்ரிக்கிளிலிருந்து நுரையீரல் தமனியைப் புறப்படச் செய்தவள், அதன்மீது ‘ஆக்சிஜன் மிகுந்த இரத்தம்’ என்று எழுதிவிட்டு, பென்சிலை அப்படியே பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். தமனி என்று பெயர் பெற்றவற்றுள் அது ஒன்று மட்டும் ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தைச் சுமந்து செல்வதை அந்தப் பக்கத்தில் அவளே மஞ்சள் மையால் கோடிட்டு வைத்திருந்தாள். கண் நான்கு முறை அந்த வரியைக் கடந்து போயிருக்கிறது. மனம் ஒருமுறையாவது அதை எடுத்துப் பார்க்கவில்லை.

கடைத்தெருவில் எதிர்ப்படுகிற ஒருவரை நன்றாகத் தெரிந்திருக்கிறது, பெயர் மட்டும் வாயில் வரமாட்டேன் என்கிறது அல்லவா? பார்த்து இன்னதென்று அறிகிற சக்தி வேறு, பாராமல் நினைவிலிருந்து எடுத்துக் கொடுக்கிற சக்தி வேறு. வாசிப்பு முன்னதை வளர்க்கிறது. பரீட்சையோ பின்னதைக் கேட்கிறது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்பிக்கி என்னும் இருவர் 2006இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில் இதை அளந்தே காட்டியிருக்கிறார்கள். ஒரு பகுதி மாணவர்கள் ஓர் உரைநடைப் பகுதியை நான்கு கட்டங்களிலும் வாசித்தார்கள். மற்றொரு பகுதியினர் முதற்கட்டத்தில் வாசித்துவிட்டு, எஞ்சிய மூன்று கட்டங்களிலும் அதைப் பாராமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தபோது, வாசித்தவர்கள் 83 சதவீதமும் எழுதியவர்கள் 71 சதவீதமும் நினைவு கூர்ந்தார்கள். இதைக் கண்டுதான் பிள்ளைகளும் பெற்றோரும் ஏமாந்துபோகிறார்கள். ஒரு வாரம் சென்று சோதித்தபோதோ வாசித்தவர்களிடம் எஞ்சியிருந்தது 40 சதவீதமே. எழுதியவர்களிடம் 61 சதவீதம் நிலைத்திருந்தது.

இதனோடு சேர்த்து அறிய வேண்டிய இன்னொரு விஷயம், மறதியின் வேகம். ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ் 1885இல், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, தமக்கே சோதனை வைத்து, கற்றதில் பெரும்பகுதி முதல் சில மணிநேரத்திலும் முதல் நாளிலுமே நழுவிவிடுகிறது என்றும், அதற்குப் பிறகு நழுவும் வேகம் குறைகிறது என்றும், ஒரே மூச்சில் செய்கிற அப்பியாசத்தைக் காட்டிலும் நாட்களை இடைவிட்டுச் செய்கிற அப்பியாசமே குறைந்த உழைப்பில் நிற்கிறது என்றும் கண்டார். ஆகவே, ஒரு பாடத்துக்கு நான்கு மணிநேரம் கிடைக்குமானால், அதை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் செலவழிப்பதைவிட, இன்று ஒன்று, நாளை மறுநாள் ஒன்று, அடுத்த வாரம் ஒன்று, அதற்கு இரண்டு வாரம் கழித்து ஒன்று என்று பிரித்துக்கொள்வதே லாபம்.

ராஜபாளையத்தில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இதற்கு மிக எளிய வழி செய்து வைத்திருக்கிறார்கள். தாயார் நூற்பாலையில் ஷிப்டு வேலை. தகப்பனார் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் வேலை. டியூஷன் வைக்க வசதியில்லை. சிவகாசியில் அச்சாகிற தினசரி காலண்டரின் தாளை அந்தத் தாயார் தினமும் கிழித்து மகனிடம் கொடுக்கிறார். அவன் அன்று படித்த பாடத்தைப் புத்தகம் மூடிய நிலையில் அதன் வெற்றுப்புறத்தில் எழுதுகிறான். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதையும் பிழைத்ததையும் சிவப்பு மையால் திருத்துகிறான். தாளின் முன்புறத்தில் தேதி அச்சாகியிருப்பதால், எந்தப் பாடத்தை எப்போது எடுத்தான் என்பதற்குத் தனிக் கணக்கு வேண்டியதில்லை. மூன்று நாள் கழித்தும் பிறகு ஒரு வாரம் கழித்தும் அதே பாடத்தைப் புதிய தாளில் எழுதுகிறான். சிவப்பு எங்கே குறையவில்லையோ அந்தப் பாடத்தோடு மறுநாள் ஆசிரியரிடம் போகிறான். அரையாண்டுத் தேர்வு முடிந்த நாளிலிருந்து சேர்ந்த அந்தத் தாள்கள் ஒரு கிளிப்பில் ஆணியில் தொங்குவதைக் கண்டபோது, இத்தனை வருஷம் ஆசிரியனாக இருந்த எனக்கு இது முன்பே தோன்றவில்லையே என்ற வருத்தம் உண்டாயிற்று.

‘முக்கிய வினாக்களை மட்டும் பார்த்தால் போதும்’ என்கிற அபிப்பிராயம் கைடு புத்தகங்கள் வளர்த்துவிட்டது. பத்தாம் வகுப்புக் கணக்கு வினாத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. இரண்டு மதிப்பெண்ணில் 10, ஐந்து மதிப்பெண்ணில் 10 எழுத வேண்டும். இவ்விரு பகுதிகளிலும் தேர்ந்தெடுக்க இடமுண்டு என்றாலும், 28ஆம் வினாவும் 42ஆம் வினாவும் கட்டாய வினாக்கள். பாடத்தின் உட்பகுதியில் எங்கிருந்தும் வரக்கூடிய அவ்விரண்டையும் ஒரு முக்கிய வினாப் பட்டியல் எப்படி முன்கூட்டிச் சொல்லும்? அதே தாளின் கடைசியில், செய்முறை வடிவியலுக்கும் வரைபடத்துக்குமாகச் சேர்த்து 16 மதிப்பெண் காத்திருக்கிறது. பயந்து நடுங்குகிற பிள்ளைக்கு நான் முதலில் அதைத்தான் காட்டுவேன். ஏனெனில் அங்கே வேண்டியது ஞாபகசக்தியன்று, கைப்பழக்கம். தொடுகோடு வரைவதை இருபது நாள் இடைவிட்டு இடைவிட்டுச் செய்த கை, பரீட்சை மண்டபத்தில் பிசகுவதில்லை. அங்கே முதற் பத்து நிமிஷம் வினாத்தாளை வாசிக்கவென்றே கொடுக்கப்படுவதையும் பலர் வீணாக்குகிறார்கள். 10 மணி முதல் 10.10 வரை எழுதக்கூடாது என்பதால் சும்மா இருக்கலாம் என்று பொருளல்ல. எதை எடுப்பது, எதை விடுவது என்று அப்போதே தீர்மானித்தவர்கள் 10.15க்குத் தயக்கமின்றித் தொடங்குகிறார்கள்.

இனி, ‘பிரம்ம முகூர்த்தத்தில் எழுந்து படித்தால்தான் ஏறும்’ என்கிற நம்பிக்கை. இரவு ஒன்பது மணிக்கே உறங்கிவிடுகிற பிள்ளை நான்கு மணிக்கு எழுந்தால் அது உத்தமமான பழக்கம். ஆனால் பதினொன்றரை மணிவரை விழித்திருந்த பிள்ளையின் முகத்தில் நான்கு மணிக்குத் தண்ணீர் தெளித்து எழுப்புவதை நான் கொடுமை என்றே சொல்வேன். ஜென்கின்ஸ், டாலன்பாக் என்னும் இருவர் 1924இலேயே, படித்தவுடன் உறங்கியவர்கள் அதே நேரம் விழித்திருந்தவர்களைவிட அதிகம் நினைவில் வைத்திருப்பதைக் கண்டார்கள். கற்றதை மனம் நிலைப்படுத்திக்கொள்வதில் உறக்கத்துக்குப் பெரும் பங்குண்டு என்பதைப் பின்வந்த ஆராய்ச்சிகளும் உறுதிப்படுத்தின. தாயார் ஷிப்டு முடிந்து விடியற்காலையில் திரும்புகிற வீட்டில், அமைதியான நேரம் மாலை ஏழு மணியாக இருந்தால் அதுவே அந்த வீட்டின் நல்ல முகூர்த்தம். தேர்வுக்கு முந்தின இரவு முழுவதும் கண்விழிப்பது, சேர்த்ததைத் தானே சிந்திவிடுகிற காரியம். ஞாபகசக்தி டானிக்குகளைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. படிக்காத பாடத்தை எந்த மருந்தும் மனத்தில் ஏற்றாது.

வருங்காலத் திட்டத்தைப் பற்றிய நம்பிக்கைகள் இவற்றினும் அதிகக் கேடு செய்கின்றன. ‘பத்து முடித்தவுடன் அரசுப் பள்ளியிலிருந்து தனியார் பள்ளிக்கு மாற்றினால்தான் பிள்ளை முன்னேறும்’ என்று எண்ணி, நகையை அடகு வைத்துக் கட்டணம் செலுத்தியவர்களை அறிவேன். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவக் கல்வியில் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டை 2020இல் தமிழ்நாடு சட்டமாக்கியது. பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய தொழிற்கல்விகளுக்கும் 2021இல் அது விரிந்தது. கடைசி இரண்டு ஆண்டு பள்ளியை மாற்றினால் அந்த உரிமை போய்விடுகிறது என்பதை அடகுக் கடைக்குப் போகுமுன் யாரேனும் அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். 2025-26ஆம் கல்வியாண்டு முதல் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இல்லை என்றதும் அந்த ஆண்டு ஓய்வெடுக்கலாம் என்று கருதுவதும் பிழை. நீட் தேர்வின் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்புப் பாடங்களும் அடங்கியிருக்கின்றன.

‘முதல் குரூப் கிடைக்காவிட்டால் எதிர்காலம் இல்லை’ என்று சொல்கிறவர்களை, ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே ஒருநாள் பஸ்ஸில் என்னோடு வரும்படி அழைக்கிறேன். இந்தப் பக்கம் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம், எஸ்.வி.பி.ஆர். என்று ஊர்ப்பெயரைச் சுமந்த பருத்தி ரகங்கள் அங்கே உருவானவை. அந்தப் பக்கம் 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில். அதன் அருகே ஆஸ்பத்திரிகளுக்கு பேண்டேஜ் நெய்கிற சத்திரப்பட்டி. ஒரு பருத்திக்காய் மருந்துக்கட்டுத் துணியாக மாறுவதற்குள் விதை அறிந்தவர், இயந்திரம் அறிந்தவர், மின்சாரம் அறிந்தவர், கணக்கு அறிந்தவர் என்று எத்தனை பேர் கைகொடுக்கிறார்கள்! அவரெல்லாம் ஒரே குரூப்பில் படித்தவரல்லர். ராமசாமி ராஜாவின் பெயரில் 1963 முதல் ராஜபாளையத்தில் பாலிடெக்னிக் நடக்கிறது. பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டு டிப்ளமோ முடித்தவர் பொறியியல் கல்லூரியில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம்; ஐ.டி.ஐ. இரண்டாண்டு படித்தவர் டிப்ளமோவின் இரண்டாம் ஆண்டில் சேரலாம். இந்த வழிகளைத் தேர்வு முடிவு வருமுன்பே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுவது, பிள்ளையின் நெஞ்சில் இருக்கிற பாரத்தைப் பாதியாகக் குறைக்கும்.

கடைசியாக, ஒவ்வோர் ஆண்டும் முடிவு வெளியாகிற நாளில் சில வீடுகளைச் சூனியமாக்கிவிடுகிற ஒரு நம்பிக்கை: ‘ஒரு பாடத்தில் தோற்றால் ஒரு வருஷம் போச்சு.’ போகவில்லை. தவறிய பாடத்தை மட்டும் சில வாரங்களிலேயே நடைபெறுகிற துணைத்தேர்வில் எழுதலாம். அதில் தேறியவர்கள் அதே கல்வியாண்டில் பதினொன்றாம் வகுப்பில் சேரலாம். விண்ணப்பிப்பதற்குக் கொடுக்கப்படுகிற நாட்கள் மிகச் சில. ஆதலால் பெற்றோரே, அன்று யார் என்ன கேட்டாலும் பதில் சொல்லிக்கொண்டிராமல், பிள்ளையைத் தனியே விடாமல், கையைப் பிடித்துக்கொண்டு அன்றைக்கே பள்ளிக்கூடத்துக்குப் போங்கள். போக முடியாவிட்டால் 14417 என்ற பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.