நாவின்றிச் சுவையறியும் நுண்ணுயிர்கள்

முன்னுரை

உயிர்களை அவற்றின் அறிவால் வகுத்துக் காட்டியவர் தொல்காப்பியர். தொடுவுணர்வு மட்டுமே உடைய புல்லும் மரமும் ஓரறிவின. சுவையுணர்வும் சேர்ந்தவை ஈரறிவின. மோப்பமும் பெற்ற எறும்பும் கறையானும் மூவறிவின. இவ்வரிசை மனிதனின் மனம்வரை உயர்ந்து செல்கிறது. கண்ணுக்குப் புலனாகாத பாக்டீரியாவை இவ்வரிசையில் எங்கே வைப்பது? அதற்கு நாவில்லை, மூக்கில்லை, மூளையுமில்லை. ஆயினும் அது உணவை நாடுகிறது. நஞ்சை விட்டு விலகுகிறது. இது எவ்வாறு இயல்கிறது என்பதையும், நம் புதுக்கோட்டை மாவட்டத்துப் பயறு வயல்களில் இத்திறன் எவ்வாறு பயன் தருகிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

ஓட்டமும் உருளலும்

1880களில் ஜெர்மானியத் தாவரவியல் அறிஞர் வில்ஹெல்ம் பெஃபர், மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் உணவுக் கரைசலை நிரப்பி, பாக்டீரியாக்கள் வாழும் நீரில் வைத்தார். அவை குழாயின் வாயில் வந்து திரண்டன. 1960களில் அமெரிக்க அறிஞர் ஜூலியஸ் அட்லர் இம்முறையைச் செம்மைப்படுத்தினார். குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியா, சருக்கரையைச் செரித்த பின்னர் அன்று, தன் உணர்வேற்பிகளால் நேரே உணர்ந்தே நாடுகிறது என்பதை 1969இல் நிறுவினார்.

அப்பாக்டீரியாவின் உடலில் சில கசையிழைகள் உள்ளன. அவை இடஞ்சுழியாகச் சுழன்றால் ஒன்றுசேர்ந்து உடலை நேராகச் செலுத்தும். வலஞ்சுழியாக மாறினால் கட்டுக் குலைந்து உடல் உருளும். உருண்டபின் வேறொரு திசையில் ஓட்டம் தொடங்கும். இரண்டு மைக்ரோமீட்டர் அளவேயான உடலின் இரு முனைகளையும் ஒப்பிட்டுத் திசையறிதல் அரிது. ஆகவே அது காலத்தை ஒப்பிடுகிறது. சில நொடிகளுக்கு முன்னிருந்ததைவிட இப்போது உணவின் செறிவு மிகுந்தால் ஓட்டத்தை நீட்டிக்கிறது. குறைந்தால் விரைவில் உருள்கிறது. இருளில் மல்லிகைத் தோட்டத்தைத் தேடுபவர், மணம் மிகுந்தால் மேலும் நடப்பதையும், குறைந்தால் திரும்புவதையும் ஒத்தது இது. இதனை வேதிநாட்டம் எனத் தமிழில் கூறலாம்.

வேரின் அழைப்பு

ஆலங்குடியை அடுத்த வம்பனில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தேசியப் பயறுவகை ஆராய்ச்சி மையம் உள்ளது. அதன் பெயர் தாங்கிய வம்பன் உளுந்து வகைகளை நம் உழவர் நன்கறிவர். அந்த உளுந்துச் செடியின் வேருக்கும் மண்ணிலுள்ள ரைசோபியம் இன நுண்ணுயிர்களுக்கும் இடையே ஓர் உரையாடல் நிகழ்கிறது.

பயறுச்செடியின் வேர் ஃபிளேவனாய்டு எனும் வேதிப்பொருள்களைக் கசியவிடுகிறது. அவற்றை உணரும் நுண்ணுயிர், மறுமொழியாக வேறொரு வேதிப்பொருளை அனுப்புகிறது. அது தனக்குரிய நுண்ணுயிர்தான் என்று கண்டால் வேர் இடங்கொடுக்கிறது, வேர்முடிச்சு உருவாகிறது. குதிரைமசால் செடியில் இவ்வழைப்பை விடுக்கும் லூட்டியோலின் எனும் பொருள் 1986இல் கண்டறியப்பட்டது. காற்றில் 78 விழுக்காடு இருந்தும் செடிக்கு எட்டாத நைட்ரஜன், இம்முடிச்சினுள் உரமாகிறது. நன்கு செயல்படும் முடிச்சைப் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பு நிறம் தெரியும்.

வயலில் நேரும் பிழை

எம் மாணவர் ஒருவர் தம் வயலிலிருந்து உளுந்துச் செடிகள் சிலவற்றைக் கொணர்ந்தார். உயிர் உரம் கலந்து விதைத்தும் வேர்களில் முடிச்சுகள் அரிதாகவே இருந்தன. வினவியபோது உண்மை புலப்பட்டது. பூசணக்கொல்லியையும் உயிர் உரத்தையும் ஒருசேரக் கலந்து, கடும் வெயிலில் விதையை உலர்த்தியிருந்தனர். அழைப்பைக் கேட்க வேண்டிய உயிர்கள் விதைக்குமுன்பே மடிந்திருக்க வேண்டும்.

பூசணக்கொல்லி இட்டு ஒருநாள் கழித்தே உயிர் உரம் கலத்தல் வேண்டும். ஆறிய கஞ்சியில் கலந்து நிழலில் உலர்த்துதல் வேண்டும். நைட்ரஜன் உரத்தை மிகுதியாக இட்டாலும் முடிச்சுகள் குறையும். வயிறு நிறைந்த செடி துணையை அழைப்பதில்லை.

முடிவுரை

உறுப்பில்லா உயிருக்கும் உணர்வுண்டு என்பதை அறிவியல் காட்டுகிறது. அவ்வுயிரைப் பொட்டலத்தில் அடைத்த தூளென்று கருதியதே அவ்வயலில் நேர்ந்த இழப்பிற்குக் காரணம். மாணவச் செல்வங்களே, வகுப்பில் கற்கும் கலைச்சொல் தேர்வுத்தாளோடு நின்றுவிடலாகாது. அதன் பொருளை எளிய தமிழில் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் எடுத்துரையுங்கள். அடுத்த விதைப்பில் ஒரு கைப்பிடி விதையேனும் நிழலில் உலருமாயின், கற்ற கல்வி பயன்பட்டதாகும்.